வீட்டுக் கதவைத் தட்டினால் கிடைக்காதவர்கள்

கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கிறேன், பொறுத்துக்குங்க மக்களே.

எனக்குப் பத்துப் பன்னிரண்டு வயசு இருக்கும். ஒரு அக்கா கையில் அட்டையும் பேனாவுமாக எங்கள் தெருவில் வீடு வீடாக வந்தார். ஏதோ சுகாதாரக் கணக்கெடுப்பு. வீட்டில் எத்தனை பேர், என்ன வேலை, கக்கூஸ் இருக்கா என்று வரிசையாகக் கேட்டுக்கொண்டே வந்தவர் கடைசியில், "வீட்டுல யாருக்காச்சும் குடிப்பழக்கம் உண்டாம்மா?" என்றார். "சேச்சே, எங்க வீட்டுல அதெல்லாம் கிடையாதுங்க" என்றார் அம்மா. பத்தடி தள்ளித் திண்ணையில் சித்தப்பா துண்டை முகத்தில் போட்டுக்கொண்டு படுத்திருந்தார். வாடை வாசல் வரைக்கும் அடித்தது. அந்த அக்கா திண்ணையை ஒரு பார்வை, அம்மாவை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "இல்லை" என்ற கட்டத்தில் ஒரு டிக் போட்டுவிட்டு அடுத்த வீட்டுக்குப் போய்விட்டார்.

அந்தக் கணக்கெடுப்பின்படி எங்கள் வீட்டில் குடிப்பவர்கள் பூஜ்யம். சாராயத்துக்கே இந்தக் கதி. சட்டம் தடை செய்த போதைப்பொருள்னா? அதுவும் போன வருஷம்தான் சந்தைக்கு வந்த, சாப்பிடுகிறவனுக்கே பேர் தெரியாத ஒரு பொடின்னா? அதை எத்தனை பேர் சாப்பிடறாங்கன்னு எப்படித்தான் கண்டுபிடிக்கறாங்க? ரொம்ப நாளா மண்டையைக் குடைஞ்ச கேள்வி. இதைப் பற்றிப் படிக்கப் போனால் எழுபது வருஷக் கதை கிடைத்தது. அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் இந்தப் புது சரக்கு என்னன்னு பார்த்துடலாம். தடை செய்யப்பட்ட ஒரு வேதிப்பொருளின் அமைப்பை லேசாக மாற்றினால் கிட்டத்தட்ட அதே போதை கிடைக்கும், ஆனால் சட்டத்தின் பட்டியலில் அந்தப் பேர் இருக்காது. அவ்வளவுதான் சூட்சுமம். ஐரோப்பாவில் "ஸ்பைஸ்" என்ற பேரில் வாசனை மூலிகைப் பொட்டலம் விற்றார்கள். 2008 கடைசியில் ஜெர்மனியில் அதைச் சோதித்துப் பார்த்தால், மூலிகை மேல் ஜே.டபிள்யூ.எச்-018 என்ற செயற்கை ரசாயனம் தூவியிருந்தது. அமெரிக்காவில் கிளெம்சன் பல்கலைக்கழகத்தின் ஜான் ஹஃப்மன் ஆராய்ச்சிக்காக உருவாக்கிய வரிசையில் ஒன்று அது. மெஃபெட்ரோன் இன்னும் வேடிக்கை. 1929லேயே தயாரித்து எழுதி வைத்துவிட்டார்கள். எழுபது வருஷத்துக்கு மேல் யாரும் சீண்டவில்லை. 2007 வாக்கில் இணையத்தில் "செடிகளுக்கான உரம்" என்று விற்பனைக்கு வந்தது. 2014இல் மட்டும் ஐரோப்பாவில் முதல்முறையாகக் கண்டறியப்பட்ட புது ரகங்கள் 101. வாரத்துக்கு ரெண்டு!

இதைச் சாப்பிடுகிறவர்களை எண்ணுவதில் மூணு சிக்கல். ஒண்ணு, ஆட்கள் குறைவு. இரண்டு, ஒளிந்துகொள்வார்கள். மூன்று, என்ன சாப்பிட்டோம் என்று அவர்களுக்கே தெரியாது. முதல் இரண்டு சிக்கலும் பழசு. அங்கிருந்தே ஆரம்பிக்கலாம்.

1950 வாக்கில் சிகாகோவில் ஹோவர்ட் பெக்கர் என்ற சமூகவியல்காரர் இருந்தார். ராத்திரியில் ஜாஸ் கோஷ்டிகளில் பியானோ வாசிப்பவர். கஞ்சா பழக்கம் எப்படி வருகிறது என்று ஆராய நினைத்தபோது சிறைக்கோ ஆஸ்பத்திரிக்கோ போகவில்லை. கூட வாசிக்கிறவர்களிடம் கேட்டார், அவர்கள் மூலமாக மற்றவர்களிடம் போனார். மொத்தம் 50 பேர். 1953இல் கட்டுரை வெளியானது. சில பேருக்குப் பிறவியிலேயே புத்தி கோணல், அதனால்தான் இந்தப் பழக்கம் என்பதுதான் அன்றைக்கு எல்லோரும் நம்பியது. பெக்கரோ, இது கூட்டாளிகளிடமிருந்து படிப்படியாகக் கற்றுக்கொள்கிற சமாசாரம் என்று காட்டினார். சிறை ரெஜிஸ்டரைப் புரட்டினால் இது தெரிந்திருக்காது. பியானோ தெரிந்ததால் தெரிந்தது.

இப்படி ஒருத்தரைப் பிடித்து இன்னொருத்தரிடம் போவதற்குப் பனிப்பந்து முறை என்று பேர். பனியில் உருட்டினால் பந்து பெருத்துக்கொண்டே போகுமாம். (நம்ம ஊர்ல பனிக்கு எங்கே போறது, புளி உருண்டைன்னு வெச்சுக்குங்க :-)) 1961இல் லியோ குட்மன் என்ற புள்ளியியல் நிபுணர் இதற்குக் கணித வடிவம் கொடுத்தார். பின்னால் பாட்ரிக் பியெர்னாக்கி இதே வழியில் போய், எந்த சிகிச்சையும் எடுக்காமல் தானாகவே ஹெராயினை விட்டவர்கள் நூறு பேருக்கு மேல் தேடிப் பிடித்துப் பேசினார். "ஹெராயின் தொட்டவன் தானா மீளவே மாட்டான்" என்று டாக்டர்கள் சொல்லிக்கொண்டிருந்த காலம் அது. டாக்டர்கள் பொய் சொல்லவில்லை. அவர்கள் பார்த்தது திரும்பத் திரும்ப ஆஸ்பத்திரிக்கு வந்தவர்களை மட்டும்தான். மீண்டவன் எதுக்கு ஆஸ்பத்திரிக்கு வரப்போறான்?

பனிப்பந்தில் ரெண்டு ஓட்டை. முதல் ஆள் யாரோ, அவர் கூட்டத்துக்குள்ளேயே பந்து சுத்திச் சுத்தி வரும். அடுத்தது, "உன் சிநேகிதன் பேர், விலாசம் கொடு" என்று கேட்பது காட்டிக்கொடுக்கச் சொல்கிற மாதிரி. யார் கொடுப்பாங்க?

இதற்கு 1997இல் ஒரு வழி சொன்னவர் டக்ளஸ் ஹெக்கதார்ன். அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில், ஊசி போட்டுக்கொள்கிறவர்களிடம் எய்ட்ஸ் தடுப்பு வேலை நடந்துகொண்டிருந்தது. அங்கே வந்த யோசனை இது. முதலில் நாலைந்து பேரைப் பிடிக்கணும், இவர்கள் விதைகள். பேட்டி கொடுத்ததற்கு ஒரு தொகை. போகும்போது கையில் மூன்று கூப்பன். அதைக் கொடுத்துத் தன் கூட்டாளி யாராவது வந்து பேட்டி கொடுத்தால், கூப்பன் கொடுத்தவருக்கும் ஒரு சின்னத் தொகை. வந்தவருக்கும் மூன்று கூப்பன். இப்படியே அலை அலையாக.

கவனிச்சீங்களா, யாரும் யாருடைய பேரையும் சொல்லவில்லை. வர்றதா வேண்டாமா என்று கூப்பன் வாங்கியவரே முடிவு செய்துகொள்ளலாம். மூன்று கூப்பன்தான் என்பதால் ஒருத்தரே ஊரைக் கூட்டிக்கொண்டு வர முடியாது. அலைகள் நீள நீள, விதையாக இருந்தவரின் சாயலும் குறைகிறது. அப்புறம் எல்லோரிடமும் ஒரு கேள்வி: "இந்தப் பழக்கம் உள்ளவங்க உங்களுக்கு எத்தனை பேரைத் தெரியும்?" ஐம்பது பேரைத் தெரிந்தவர் கையில் கூப்பன் கிடைக்க வாய்ப்பு அதிகம், ரெண்டு பேரை மட்டும் தெரிந்தவருக்குக் குறைவு. அதனால் கணக்கில் முதலாமவருக்கு எடை குறைவு, ரெண்டாமவருக்கு அதிகம். யாரும் தேடி வராத ஒத்தை ஆளுக்குக் கூடுதல் மதிப்பு கொடுக்கிற கணக்கு. எனக்கு இது ரொம்பப் பிடிச்சுப் போச்சு.

இது நம்ம ஊருக்கும் வந்தது. சென்னையில் டாக்டர் சுனிதி சாலமன் தொடங்கிய ஒய்.ஆர்.ஜி. கேர் அமைப்பும் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸும் சேர்ந்து, 2013ஐ ஒட்டி 15 இந்திய நகரங்களில் ஊசி மூலம் போதை எடுப்பவர்கள் 14,000 பேருக்கு மேல் இந்தக் கூப்பன் முறையில் சந்தித்தார்கள். 2019இல் வெளிவந்த தேசிய போதைப்பொருள் ஆய்வில், தில்லி எய்ம்ஸ்காரர்கள் 2,00,111 வீடுகளின் கதவைத் தட்டி 4,73,569 பேரிடம் கேட்டதோடு நிறுத்தவில்லை. கதவைத் தட்டினால் கிடைக்காதவர்களுக்காக 135 மாவட்டங்களில் 72,642 பேரைத் தனியாக இந்த முறையில் பிடித்தார்கள். எங்கம்மா மாதிரி ஆட்களைப் பற்றி அவர்களுக்கு நல்லாவே தெரிஞ்சிருக்கு. ஆனா அந்த ஆய்விலும் போதைப்பொருட்களை எட்டு வகையாகத்தான் பிரித்திருந்தார்கள். நான் சொல்கிற புது ரகங்களுக்கென்று தனிக் கட்டம் கிடையாது.

கூப்பன் முறையும் அப்பழுக்கில்லாதது இல்லை. இது கொடுக்கும் எண்ணில் நினைத்ததைவிடப் பல மடங்கு ஊசலாட்டம் இருக்கலாம் என்று 2010இல் கோயல், சல்கானிக் என்ற இருவர் காட்டினார்கள். தவிர, இது ஒருத்தரை ஒருத்தர் தெரிந்த கூட்டத்துக்குத்தான் ஓடும். அறைக்குள் உட்கார்ந்து தபாலில் பொட்டலம் வரவழைக்கிற பையன் யாரிடம் கூப்பன் கொடுப்பான்?

அதான் மெஃபெட்ரோன் வந்தபோது நடந்தது.

பிரிட்டனில் "மிக்ஸ்மேக்" என்று நடன இசைக்கான பத்திரிகை ஒன்று. ஆடம் வின்ஸ்டாக் என்ற மனநல மருத்துவர் 1990களின் கடைசியிலிருந்து அதன் வாசகர்களிடம் போதைப் பழக்கம் பற்றிக் கேள்வித்தாள் ஒன்றை நடத்தி வந்தார். பின்னால் இதுவே "குளோபல் டிரக் சர்வே" ஆனது. 2009 கடைசியில் நடந்த சுற்றில் பதில் சொன்னது இரண்டாயிரத்துச் சொச்சம் பேர். அவர்களில் பத்துக்கு நாலு பேர் மெஃபெட்ரோன் சாப்பிட்டுப் பார்த்ததாகச் சொன்னார்கள். அன்றைக்கு அரசாங்கத்தின் கணக்கெடுப்பில் மெஃபெட்ரோன் என்ற கேள்வியே கிடையாது. கேள்வித்தாளில் இல்லாததற்கு யார் டிக் போடுவாங்க?

2010 மார்ச்சில் இங்கிலாந்தின் ஸ்கந்தோர்ப் ஊரில் ரெண்டு இளைஞர்கள் இறந்தார்கள். மெஃபெட்ரோன்தான் காரணம் என்று பத்திரிகைகள் அலறின. ஏப்ரல் 16ஆம் தேதி தடைச் சட்டம் அமலுக்கு வந்தது. மே மாதக் கடைசியில் பரிசோதனை முடிவு வந்தது: அந்த ரெண்டு பேர் உடம்பிலும் மெஃபெட்ரோன் இல்லை.

தடை சரியா தப்பா என்ற பஞ்சாயத்துக்கு நான் வரலை. சரியான முடிவாகவே இருக்கலாம். எத்தனை பேர் சாப்பிடறாங்க, யார் சாப்பிடறாங்கங்கிற கணக்கு கையில் இல்லாமல் ஒரு நாடு முடிவெடுக்க வேண்டியிருந்ததுங்கிறதுதான் இங்கே விஷயம். அரசுக் கணக்கெடுப்பில் அந்தக் கேள்வி சேர்ந்தது 2010-11 சுற்றில்தான். விடை: 16 முதல் 59 வயதுக்காரர்களில் 1.4 சதவீதம், 16 முதல் 24 வயதுக்காரர்களில் 4.4 சதவீதம்.

ஒரு பக்கம் 40, ஒரு பக்கம் 1.4. எது உண்மை?

இங்கே புள்ளியியல் வாத்தியார்கள் 1936ஐ ஞாபகப்படுத்துவாங்க. அமெரிக்கத் தேர்தலுக்கு முன் "லிட்டரரி டைஜஸ்ட்" பத்திரிகை ஒரு கோடி வாக்குச்சீட்டு அனுப்பியது. இருபது லட்சத்துக்கு மேல் திரும்பி வந்தது. லாண்டன் ஜெயிப்பார் என்று அறிவித்தார்கள். ரூஸ்வெல்ட் 48 மாநிலங்களில் 46ஐ அள்ளிக்கொண்டு போனார். டெலிபோன், கார் வைத்திருந்தவர்களின் பட்டியலைப் பார்த்துச் சீட்டு அனுப்பினால் அப்படித்தான். தலை எண்ணிக்கை பெரிசா இருந்தா மட்டும் போதாது.

அதே மாதிரி மிக்ஸ்மேக்கின் 40, ஆட்டம் போடப் போகிறவர்களின் 40. அதை நாட்டுக்கு நீட்டினால் தப்பு. இதை நடத்தியவர்களே ஒளிக்காமல் சொன்னார்கள். 2017இல் மோனிகா பாரட் குழுவினர் குளோபல் டிரக் சர்வேயை வீட்டுக் கணக்கெடுப்புகளோடு ஒப்பிட்டு, எதற்கு இது உதவும், எதற்கு உதவாது என்று தனிக் கட்டுரையே எழுதினார்கள். நாட்டில் எத்தனை சதவீதம் என்று கேட்டால் இது உதவாது. புதுசா என்ன வந்திருக்கு, சாப்பிட்டவனுக்கு என்ன ஆகுது என்று கேட்டால் இதுதான் முதலில் சொல்லும்.

1.4க்கும் அதே எச்சரிக்கை உண்டு. அது வீடுகளில் எடுத்தது. மாணவர் விடுதி, சிறை, நடைபாதை எதுவும் அதில் வராது. பிற்பாடு ஸ்பைஸ் ரகங்கள் மோசமாகத் தாக்கியது சிறைக் கைதிகளையும் வீடற்றவர்களையும்தான். இந்தக் கணக்கு அங்கே எட்டிக்கூடப் பார்க்கலை.

வெட்கப்பட்டுப் பொய் சொல்பவர்களுக்காக ஒரு அழகான தந்திரம் உண்டு. 1965இல் ஸ்டான்லி வார்னர் ஆரம்பித்து வைத்த யோசனையின் எளிய வடிவம் இது. கேட்பவர் பார்க்காமல் ஒரு காசு சுண்டணும். தலை விழுந்தால் "ஆமாம்"னு சொல்லிடணும். பூ விழுந்தால் உண்மையைச் சொல்லணும். 100 பேரில் 60 "ஆமாம்" வந்தால், 50 காசு சொன்னது. மீதி 50 பேரில் 10 பேர் உண்மையில் ஆமாம். ஆக 20 சதவீதம். யார் அந்த ஆள் என்று யாருக்கும் தெரியாது. எங்கம்மாவுக்கு இப்படிக் காசு கொடுத்திருக்கலாம். ஆனா நூத்துக்கு ஒருத்தர் மட்டும் சாப்பிடுகிற புது சரக்குக்கு இது சரிப்படாது. காசு விழுகிற ஏற்ற இறக்கத்திலேயே அந்த ஒருத்தர் காணாமல் போய்விடுவார்.

இப்ப மூணாவது சிக்கல். உண்மை பேசணும்னு நினைக்கிறவருக்கே உண்மை தெரியலைன்னா?

2015இல் நியூயார்க்கில் நடன விடுதிக்கும் விழாக்களுக்கும் போகிறவர்களிடம் ஜோசப் பலமார் குழுவினர் கேள்வித்தாளோடு கொஞ்சம் தலைமுடியும் வாங்கினார்கள். எக்ஸ்டஸி சாப்பிட்டவர்கள் இவர்கள். அதில் "புது ரகம் எதுவும் தொட்டதே இல்லை" என்று சொன்னவர்களின் முடியைச் சோதித்தால், பத்துக்கு நாலு பேர் முடியில் புது ரகம் இருந்தது. பொய் சொல்லவில்லை பாவம். எக்ஸ்டஸி என்று நம்பி வாங்கியதில் விற்றவன் வேறெதையோ வைத்துக் கொடுத்திருக்கிறான்.

எதிர்ப்பக்கமும் உண்டு. இல்லாததைச் சாப்பிட்டேன்னு சொல்ற ஆட்கள். அதனால் ஐரோப்பியப் பள்ளி மாணவர் ஆய்வில் "ரெலெவின்" என்று இல்லவே இல்லாத ஒரு பேரை நடுவில் சொருகி வைப்பார்கள். அதற்கு டிக் போட்டால் குட்டு வெளிப்பட்டுவிடும். பசங்களை மட்டும் சொல்வானேன்? 1997இல் ஒளிபரப்பான பிரிட்டிஷ் நையாண்டித் தொலைக்காட்சி நிகழ்ச்சி ஒன்று "கேக்" என்ற கற்பனை போதைப்பொருளைக் கிளப்பிவிட, ஒரு எம்.பி. அதை நம்பி நாடாளுமன்றத்தில் கேள்வியே கேட்டார்!

வாயை நம்ப முடியாதுன்னா சாக்கடையைக் கேள் என்று ஒரு கோஷ்டி கிளம்பியது. 2005இல் மிலனின் மரியோ நெக்ரி ஆய்வு நிலையத்தைச் சேர்ந்த எட்டோரே ஸுக்காட்டோ குழு, இத்தாலியின் போ நதித் தண்ணீரை அள்ளிச் சோதித்தது. கொக்கெய்ன் சாப்பிட்டவர்கள் உடம்பிலிருந்து வெளியேறிய மிச்சத்தை வைத்துக் கணக்குப் போட்டால், தினமும் சுமார் 4 கிலோ கொக்கெய்னுக்குச் சமமானது நதியில் ஓடியது. வாய்வழிக் கணக்கெடுப்பின்படி அந்தப் பகுதி இளைஞர்களின் உபயோகம் மாதத்துக்குச் சுமார் 15,000 தடவை. நதி சொன்னதோ நாளுக்குச் சுமார் 40,000 டோஸ்.

ஆனா சாக்கடைக்கும் ஒரு குறை. தேடுகிற பொருள் எதுவென்று முன்னாடியே தெரிஞ்சிருக்கணும். போன மாசம் வந்த புது ரகம் உடம்பில் என்னவாக மாறி வெளியேறும் என்று யாருக்கும் தெரியாதபோது எதைத் தேடுவது? அப்புறம், நாலு பேர் நிறையச் சாப்பிட்டார்களா, நாற்பது பேர் கொஞ்சம் சாப்பிட்டார்களா, ஏன் சாப்பிட்டார்கள், இதெல்லாம் தண்ணி சொல்லாது.

ஆக, சுத்திச் சுத்தி மறுபடி மனுஷனிடம்தான் வரவேண்டியிருக்கிறது. ஒரே ஒரு சம்பவம் சொல்லி முடிச்சுக்கறேன்.

நெதர்லாந்தில் 1992 முதல் ஒரு ஏற்பாடு உண்டு. வாங்கிய மாத்திரையைக் கொண்டுபோய்க் கொடுத்தால் சோதித்து, உள்ளே என்ன இருக்கிறது என்று சொல்வார்கள். பேர் கேட்க மாட்டார்கள், போலீஸ் வராது. 2014 டிசம்பரில் சூப்பர்மேன் சின்னம் போட்ட இளஞ்சிவப்பு மாத்திரை ஒன்று வந்தது. எக்ஸ்டஸி என்று வாங்கியது. உள்ளே இருந்தது பி.எம்.எம்.ஏ. வேலை செய்ய நேரமாகும், அதனால் "ஏறலையே" என்று இன்னொன்று போடுவார்கள், உயிரைக் குடித்துவிடும். நாடு முழுக்க எச்சரிக்கை விட்டார்கள். வடகடலுக்கு அந்தப் பக்கம் பிரிட்டனில் அன்றைக்கு நாடு தழுவிய அப்படி ஒரு ஏற்பாடு இருக்கவில்லை. அந்தக் கிறிஸ்துமஸ், புத்தாண்டு வாரங்களில் அங்கே நாலு பேர் அதே மாத்திரையால் செத்துப்போனார்கள்.

அந்த மாத்திரையைச் சோதனைக்குக் கொண்டுவந்த ஆள் எந்தக் கணக்கெடுப்பிலும் மாட்டியவர் இல்லை. தன்னைப் பிடிச்சுக் கொடுக்க மாட்டாங்கன்னு நம்பி, தானாக நடந்து வந்தவர். பெக்கரின் பியானோ, ஹெக்கதார்னின் கூப்பன், பேர் எழுதாத கேள்வித்தாள், எல்லாம் அந்த நம்பிக்கையை உண்டாக்குகிற வழிகள்தான்னு எனக்குத் தோணுது. கணக்கு அப்புறம்தான் வருது.

சித்தப்பா விஷயத்தைப் பாதியில் விட்டுட்டேன். அந்த அக்கா வந்துபோய் ஒரு பத்து வருஷம் இருக்கும். சித்தப்பாவுக்கு வயிறு வீங்கி, கண் மஞ்சளாகி ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். கேஸ் ஷீட் எழுதிய டாக்டர் கேட்டார், "எத்தனை வருஷமா குடிக்கிறார்?" அம்மாதான் பதில் சொன்னார், "இருபது வருஷம் இருக்குங்க." ஒரு காகிதத்தில் சித்தப்பா குடிகாரராக ஏறினது அன்றைக்குத்தான். ரெண்டு மாசம் இருந்தார்.

திண்ணையைப் பார்த்த அந்த அக்கா அன்னைக்கு இன்னும் அஞ்சு நிமிஷம் நின்னு, அம்மாவைத் தனியாக் கூப்பிட்டுப் பேசியிருந்தா என்ன ஆகியிருக்கும்னு இப்பவும் சில சமயம் நினைச்சுக்குவேன். ஒண்ணும் ஆகாமலும் இருந்திருக்கலாம்.

டிஸ்கி: மேலே சொன்ன எந்த சமாசாரத்தையும் யாரும் முயற்சி செய்து பார்க்க வேண்டாம் சாமிகளா. பொட்டலத்தின் மேல் எழுதியிருப்பதற்கும் உள்ளே இருப்பதற்கும் சம்பந்தமில்லைங்கிறதுதான் இந்தப் பதிவோட பாதி!